மணப்பெண்ணுக்கு லீவு இல்லை

இரண்டாயிரத்து இரண்டாம் வருடம், தை மாதம். படையெல்லாம் மேற்கு எல்லையில் போய் உட்கார்ந்துகொண்டு, போர் இன்றைக்கு வருமா நாளைக்கு வருமா என்று பார்த்துக்கொண்டிருந்த நேரம். சேலையூருக்குப் பின்னால், நான்கு தகரக் கொட்டகை போட்ட ஒரு சின்ன ராணுவ ரேஷன் கிடங்கு இருந்தது. அங்கிருந்தும் கர்னல் தொடங்கி சமையல்காரர் வரை எல்லோரும் ரயிலேறிப் போய்விட்டார்கள். சிப்பாய், சுபேதார், கிளார்க் என்று பதினான்கு பேரையும், இருபத்து நான்கு வயது லெப்டினன்ட் அனுப்பிரியாவையும், மூவாயிரம் மூட்டை துவரம்பருப்பையும் மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள்.

"பருப்பைப் பார்த்துக்க ஒரு ஆபீசர் வேணுமேம்மா" என்றார் கர்னல், ஏதோ பெரிய பதவி கொடுப்பது போல. அவர் கோயம்புத்தூர்க்காரர், எதையும் இனிப்பாகத்தான் சொல்வார். பரங்கிமலைப் பயிற்சியில் கயிறு ஏறி, சேற்றில் தவழ்ந்து, துப்பாக்கி சுடுவதில் முதல் பரிசு வாங்கியவள் அனுப்பிரியா. அத்தனையும் பருப்புக்குக் காவல் இருக்கத்தானா என்று அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் ராணுவத்தில் ஆத்திரத்துக்கென்று தனியாக நேரம் ஒதுக்குவதில்லை. சல்யூட் அடித்துவிட்டு, அன்று சாயங்காலமே 'பொறுப்பு கமாண்டிங் ஆபீசர்' என்று பலகை எழுதிக் கதவில் மாட்டினாள். அதற்கப்புறம் கிடங்கில் எல்லோரும் அவளை சி.ஓ. மேடம் என்றார்கள்.

சி.ஓ. மேடத்துக்கு வந்த முதல் உத்தரவு, போர்க்காலம் முடியும்வரை எந்தப் பதவியில் இருப்பவருக்கும் எக்காரணம் கொண்டும் லீவு இல்லை, டியூட்டிக்கு அல்லாமல் யாரும் கேட்டைத் தாண்டக் கூடாது என்பது. அவளே அதைக் காலை அணிவகுப்பில் உரக்கப் படித்தாள். மறுநாளே ஜீப் டிரைவர் குப்புராஜ் வந்து நின்றான். அவன் மனைவிக்குத் தலைப்பிரசவம். வீடு பள்ளிக்கரணையில், ஜீப்பில் போனால் அரை மணி நேரம்கூட ஆகாது. அவள் மறுத்தாள். பெண் குழந்தை பிறந்தது என்று சேதி வந்ததும் மறுபடி வந்தான். மறுபடி மறுத்தாள். மூன்றாவது விண்ணப்பத்தில், 'போர்க்காலத்தில் சொந்தக் காரியம் காத்திருக்கலாம்' என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுதும்போது அந்த வாக்கியம் அவளுக்கே கொஞ்சம் பிடித்திருந்தது.

அந்த மாதக் கடைசியில் அவளுக்குக் கல்யாணம்.

படை எல்லைக்குப் போவதற்கு முன்பே, கார்த்திகையிலேயே தேதி குறித்தாகிவிட்டது. மாப்பிள்ளை சக்திவேல், திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு வால்வு பட்டறை வைத்திருப்பவன். மேடவாக்கத்தில் மண்டபம், காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை முகூர்த்தம். சமையலுக்கும் மேளத்துக்கும் சொல்லியாயிற்று. சிட்லபாக்கத்தில் அவள் அப்பாவின் ஹார்டுவேர் கடை வாசலில் வாழைமரம் கட்டுவதுதான் பாக்கி.

சுபேதார் ஜீவானந்தம் அவளைவிட இருபது வயது மூத்தவர், நல்ல மனிதர். அவர் மெல்லச் சொன்னார்: "கர்னல் சாருக்கு வயர்லெஸ்ல ஒரு சிக்னல் அனுப்பிக் கேட்டுடலாம் மேடம். பாலைவனத்துல இருந்தாலும் சிக்னல் போயிடும்."

"குப்புராஜ் கேட்டப்போ சிக்னல் அனுப்பினோமா?"



ஹெட்கிளார்க் யக்ஞநாராயணன்தான் வழி சொன்னார். இருபத்திரண்டு வருட சர்வீஸில் ஒரு விதியைக்கூட மீறாதவர். மனுஷனுக்கு மனசாட்சி உண்டா என்று தெரியாது, விதிப்புத்தகம் உண்டு. "முறைப்படி விண்ணப்பம் குடுங்கோ மேடம். சி.ஓ. இன்டர்வியூ பண்ணி முடிவு எடுப்பா."

"நான்தானே சி.ஓ.?"

"விண்ணப்பம் போடறது லெப்டினன்ட் அனுப்பிரியா. முடிவு பண்றது சி.ஓ. ரெண்டு பேருக்கும் தனித்தனி ஃபைல் இருக்கு" என்றார் அவர், ரெண்டு பேரையும் நேரில் பார்த்த மாதிரி.

ராணுவத்தில் லீவு கேட்பவன் சும்மா போய்க் கேட்க முடியாது. பெல்ட் கட்டி, தொப்பி வைத்து, சுபேதார் கட்டளையிட அடிபோட்டு நடந்து, சி.ஓ.வின் மேஜை முன் விறைத்து நிற்க வேண்டும். மறுநாள் பத்து மணிக்கு அந்தக் கூத்து நடந்தது. "தேஸ் சல்!" என்று, வேகமாக நட என்பதை இந்தியில் கத்தினார் சுபேதார். அனுப்பிரியா பூட்ஸ் அதிர உள்ளே போய், காலி நாற்காலிக்கு ஒரு சல்யூட் அடித்தாள். பிறகு மேஜையைச் சுற்றிப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அடித்த சல்யூட்டை ஏற்றுக்கொண்டாள்.

"காரணம் என்ன?" என்று கேட்டாள், எதிரே யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து.

எழுந்து சுற்றி வந்து நின்று, "கல்யாணம், மேடம்" என்றாள்.

யக்ஞநாராயணன் குறுக்கிட்டார். ஒவ்வொரு தடவை உள்ளே வரும்போதும் சுபேதார் கட்டளை கொடுத்தாக வேண்டுமாம். ஆக ஒவ்வொரு பதிலுக்கும் அவள் வெளியே போய், "தேஸ் சல்", சல்யூட், பதில். மூன்றாவது கேள்விக்குள் சுபேதாருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

கடைசி முறை நாற்காலியில் உட்கார்ந்தபோது அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். குப்புராஜ் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். அது காலையிலிருந்து மூன்றாம் முறை. ஏற்கெனவே பளபளவென்றிருந்த ஜீப்பை ஒரு மனிதன் அப்படித் துடைத்தால், அவன் ஜீப்பைத் துடைக்கவில்லை என்று அர்த்தம். அவன் குழந்தைக்கு அன்றைக்கு ஏழாவது நாள்.

கல்யாணம் வேண்டும் என்று அவளுக்கு ஆசைதான். இல்லை என்று சொன்னால் பொய். சக்திவேலை அவளுக்குப் பிடித்திருந்தது. பெண் பார்க்க வந்த அன்று, "பட்டாளத்துப் பொண்ணுக்குக் காபி போடத் தெரியுமா?" என்று யாரோ கேட்டதற்கு, "எனக்குத் தெரியும்" என்று அவன்தான் எழுந்து சமையலறைக்குப் போனான். அப்படிப்பட்டவனை ஒரு கையெழுத்தில் கட்டிக்கொண்டு வந்துவிடலாம். அதற்கப்புறம் அந்த ஜீப்பில் எந்த முகத்தோடு ஏறுவது?

சிவப்புப் பேனாவை எடுத்தாள். 'மறுக்கப்படுகிறது. போர்க்காலத்தில் சொந்தக் காரியம் காத்திருக்கலாம்.' இந்தத் தடவை அந்த வாக்கியம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் அம்மா புஷ்பலதாவும் அப்பா துலுக்காணமும் ஆட்டோ பிடித்துக் கேட்டுக்கு வந்துவிட்டார்கள். வரவேற்புக் கொட்டகையிலேயே அம்மா குரலை உயர்த்தினாள். "யாருடி உன் சி.ஓ.? நெஞ்சுல ஈரம் இருக்கிற ஆளா அது? நான் நேர்ல பாக்கணும்."

"நான்தாம்மா."

"இன்னாம்மா இது, பேஜாரா கீது" என்றார் துலுக்காணம். "நீயே கேட்டுகினு நீயே இல்லன்னுட்டியா?"

ரேஷன் கார்டு ஆபீஸ், ஈ.பி. ஆபீஸ், பட்டா மாற்ற தாலுகா ஆபீஸ் என்று முப்பது வருடம் நாற்காலிகளோடு மல்லுக்கட்டியவள் அம்மா. நாற்காலியில் இருப்பவர் எப்படிப்பட்டவரானாலும் நாற்காலியிடம் எப்படிப் பேச வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "சி.ஓ. மேடத்தைப் பாக்கணும்னு எழுதிக்கோங்க சார்" என்றாள் யக்ஞநாராயணனிடம். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதியை யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

அனுப்பிரியா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அம்மா உள்ளே வந்து கை கூப்பினாள்.

"வணக்கம் மேடம். என் பொண்ணு உங்ககிட்டதான் வேலை செய்யறா."

"உக்காருங்கம்மா" என்றாள் அனுப்பிரியா. வேறென்ன சொல்வதென்று தெரியவில்லை.

"அவ கொஞ்சம் பிடிவாதக்காரி மேடம். பட்டாளத்துக்குப் போறேன்னு நின்னப்போ நான் மூணு நாள் சாப்பிடலை. செத்துடுவேன்னு மிரட்டிப் பாத்தேன். அப்பவும் போயிட்டா. இப்ப என்னடான்னா, பஸ்ல பக்கத்துல உக்கார்றவங்ககிட்டகூட, என் பொண்ணு லெப்டினன்ட்டுன்னு சொல்லிக்கிட்டுத் திரியறேன். தெருவுல சொல்லாத வீடு இல்ல. அவகிட்ட மட்டும்தான் சொல்லலை."

இருபத்து நான்கு வருடத்தில் அம்மா அனுப்பிரியாவிடம் சொல்லாததை சி.ஓ.விடம் சொல்லிவிட்டாள். எழுந்துபோய் அம்மாவைக் கட்டிக்கொள்ளலாமா என்று நினைத்தாள். ஆனால் அம்மா பார்க்க வந்தது மகளை அல்ல.

"உங்க பொண்ணு நல்லா வேலை செய்யறாங்க" என்றாள். "ஆனா லீவு குடுக்க முடியாது. இங்க ஒரு டிரைவர், பொறந்த கொழந்தையையே இன்னும் பாக்கலை. அவருக்கு இல்லைன்னு சொல்லிட்டு இவங்களுக்குக் குடுத்தா நல்லாயிருக்காதும்மா."

புஷ்பலதா அழுதாள், சத்தமில்லாமல். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து தட்டை எடுத்தாள். வெற்றிலை பாக்கு, பூ, மஞ்சள் தடவிய பத்திரிகை எல்லாம் வைத்து நீட்டினாள். "பொண்ணு வராட்டி போகட்டும். நீங்களாவது வந்து நடத்திக் குடுக்கணும் மேடம்." சி.ஓ.வின் நெற்றியில் குங்குமம் இட்டாள். பத்திரிகை வைத்துக் குங்குமம் இட்டு அழைத்துவிட்டால், போகாமல் இருப்பது அழைத்தவர்களை அவமானப்படுத்துவது. சிட்லபாக்கத்தில் பிறந்த யாருக்கும் இது தெரியும்.

கதவோரம் யக்ஞநாராயணன் இருமினார். அவர் கையில் விதிப்புத்தகம் விரிந்திருந்தது.

"நம்ம யூனிட்ல யாராத்துக் கல்யாணமானாலும், யூனிட் சார்பா ஒரு ஆபீசர் போய் நினைவுப் பரிசு குடுத்துட்டு வரணும் மேடம். அது லீவு இல்லை, டியூட்டி. போக வர ரெண்டரை மணி நேரம், வண்டி உண்டு. லெப்டினன்ட் அனுப்பிரியா கல்யாணத்துக்கு சி.ஓ. தாராளமா போகலாம். லெப்டினன்ட்தான் போக முடியாது."

துலுக்காணம் கிளார்க்கையே பார்த்தார். "சார், நீங்க நல்லாத்தானே கீறீங்க?"

கல்யாணத்தன்று காலை ஏழரைக்கு, சி.ஓ. மேடம் கஞ்சி போட்ட யூனிஃபார்மும் தொப்பியுமாக ஜீப்பில் ஏறினாள். டியூட்டியில் இருப்பவர் புடவை கட்ட விதி இல்லை. மடியில் யூனிட் பெயர் பொறித்த பித்தளைக் கேடயம். டியூட்டிச் சீட்டில் பத்து மணிக்குள் திரும்ப வேண்டும் என்று எழுதியிருந்தது. லெப்டினன்ட் அனுப்பிரியா அன்று முழுவதும் முகாமிலேயே இருந்ததாக யக்ஞநாராயணன் வருகைப் பதிவேட்டில் விடியற்காலையிலேயே எழுதிவைத்துவிட்டார்.

குப்புராஜ் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினான். அவன் மனதில் என்ன ஓடியிருக்கும் என்பதைச் சொல்லவா வேண்டும்? கூட்டு ரோடு தாண்டியதும் மண்டபம் தெரிந்தது. வாசலில் பூவால் அவள் பெயர், மேளச் சத்தம், ஆரத்தித் தட்டோடு வருங்கால மாமியார் கங்கையம்மாள், பின்னால் சொந்தக்காரக் கூட்டம்.

"மண்டபம் வந்துகினு கீது மேடம்."

"நேரா போ."

"மேடம், இதான் மேடம் மண்டபம்!"

"நேரா போன்னு சொன்னேன்."

ஜீப் மண்டபத்தைத் தாண்டிப் பறந்தது. கங்கையம்மாள் ஆரத்தித் தட்டைப் பிடித்துக்கொண்டு பத்தடி ஓடிப் பார்த்தாள். மணப்பெண் மண்டபத்துக்கு வந்தும் இறங்காமல் போனதை மேடவாக்கம் அதற்கு முன் பார்த்ததில்லை. மேளக்காரர்கள் வாசித்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்கள்.

"உன் வீடு பள்ளிக்கரணையில எங்க?" என்றாள் அனுப்பிரியா.

குப்புராஜ் போட்ட பிரேக்கில் கேடயம் உருண்டு கீழே விழுந்தது. "டூட்டி வண்டி மேடம். வூட்டாண்டலாம் போவக் கூடாது. அப்பால கிளார்க் சார் எழுதிடுவாரு."

"வீட்டுக்கு யார் போகச் சொன்னாங்க? போர்க்காலம். சதுப்பு நிலத்துப் பக்கம் எதிரி நடமாட்டம் இருக்கான்னு சி.ஓ. பாத்தாகணும். பத்து நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் டிரைவர் பக்கத்துல எங்கயாவது தண்ணி குடிச்சிட்டு வரலாம்."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். அப்புறம் ஜீப் போன வேகத்தை இங்கே எழுத வேண்டாம், அது விதிக்குப் புறம்பானது.

அவன் சந்துக்குள் ஓடினான். அவள் ரோட்டோரம் நின்று, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, எதிரியைத் தேடினாள். நாரைகள் இருந்தன, எருமைகள் இருந்தன, குப்பை லாரி ஒன்று இருந்தது. எதிரி இல்லை. மணி எட்டு இருபது. எட்டரை. ஒன்பதுக்கு முகூர்த்தம் முடிந்துவிடும். விட்டால் இதற்கப்புறம் எப்போது? மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்? குப்புராஜைத் தவிர அங்கே இன்னும் பதின்மூன்று பேர் இருக்கிறார்களே, அவர்கள் ஊருக்கெல்லாம் ஜீப் போகாதே என்ற எண்ணமும் வந்து குத்தியது. எதிரியைத் தேடும் இடத்தில் அவள் இப்படி எதையெதையோ கண்டாள்.

எட்டு முப்பத்தைந்துக்கு குப்புராஜ் வந்தான். கூடவே அவன் மனைவி தனம், கையில் குழந்தை. தனம் குழந்தையை அனுப்பிரியா கையில் வைத்தாள். பதினேழு நாள் குழந்தை சி.ஓ. மேடத்தை ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, கஞ்சி போட்ட யூனிஃபார்ம் நனைய ஈரமாக்கியது.

"ஐயோ மேடம், கல்யாணத்துக்குப் போற துணி!" என்று பதறினாள் தனம். குப்புராஜ் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். "டைமாவுது மேடம், குந்துங்க" என்றான்.

எட்டு ஐம்பத்திரண்டுக்கு ஜீப் மண்டப வாசலில் நின்றது. ஆரத்தி எடுக்க நேரமில்லை. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு, "பொண்ணு எங்கே?" என்றார், யூனிஃபார்மைப் பார்த்து.

"பொண்ணுக்கு லீவு கிடைக்கலை. மேடம் வந்திருக்காங்க" என்றாள் புஷ்பலதா, கல் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

கூறைப்புடவையை யூனிஃபார்முக்கு மேலே துண்டு போலப் போர்த்தினார்கள். தொப்பியை மட்டும் அப்பா வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். பெண்ணின் தோளில் இரண்டு நட்சத்திரம், மார்பில் ஈரம். சக்திவேல் தாலியை எடுத்துக் கேட்டான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி: "மேடம், கட்டலாமா?"

"சீக்கிரம்" என்றாள் சி.ஓ. மேடம். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

ஒன்பதுக்கு ஒரு நிமிடம் இருந்தபோது மூன்று முடிச்சும் விழுந்தது. பிறகு அவள் எழுந்து தொப்பியை வைத்துக்கொண்டு, யூனிட் சார்பில் கேடயத்தை மணமக்களுக்கு வழங்கினாள். அதாவது ஒரு பக்கத்தை சக்திவேல் கையில் கொடுத்துவிட்டு, சுற்றி வந்து அவன் பக்கத்தில் நின்று மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். போட்டோக்காரர் இரண்டு படம் எடுத்தார், கொடுப்பது ஒன்று, வாங்குவது ஒன்று.

"சாப்பிட்டுப் போகலாமே மேடம்" என்றான் சக்திவேல்.

"டைம் இல்ல."

"சரி. அனுப்பிரியாகிட்ட நான் கேட்டேன்னு சொல்லுங்க."

பத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் ஜீப் கேட்டுக்குள் நுழைந்தது.

போர் வரவே இல்லை. பங்குனி போய், சித்திரை போய், ஆடியும் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை நான்கிலிருந்து ஐந்து வரை சக்திவேல் ஃப்ளாஸ்கில் காபியோடு வந்து வரவேற்புக் கொட்டகையில் உட்கார்ந்திருப்பான். பார்வையாளர் நோட்டில் உறவு என்ற இடத்தில் 'கணவர்' என்று எழுத யக்ஞநாராயணன் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. பதிவேட்டின்படி லெப்டினன்ட் அன்று கல்யாணத்துக்கே போகவில்லை. ஆகவே 'சி.ஓ.வின் விருந்தாளி' என்று எழுதினார். குப்புராஜின் விண்ணப்பமும் மாதம் ஒன்று வந்தது. அவளும் மாதம் ஒன்று மறுத்தாள். பள்ளிக்கரணைப் பக்கம் எதிரியைத் தேட அதற்கப்புறம் ஒரு டியூட்டியும் வாய்க்கவில்லை.

ஐப்பசியில் கர்னல் திரும்பி வந்தார். ஒரு குண்டுகூடச் சுடாமல், வெயிலில் கறுத்து, பாதியாக இளைத்திருந்தார். அனுப்பிரியா சாவிக்கொத்தையும் முத்திரையையும் மூவாயிரம் மூட்டைக் கணக்கையும் ஒப்படைத்துவிட்டு, வெறும் லெப்டினன்ட்டாக வெளியே போனாள். அடுத்த நிமிடம் சுபேதார் குரல் கொடுக்க, அடிபோட்டு உள்ளே வந்து, இந்தத் தடவை ஆள் இருந்த நாற்காலிக்கு சல்யூட் அடித்தாள். கையிலிருந்த லீவு விண்ணப்பங்களை மேஜைமேல் வைத்தாள். மேலே அவளுடையது, பத்து நாள்.

கர்னல் ஃபைலைப் புரட்டினார். சிவப்பு மை, இன்டர்வியூ, டியூட்டிச் சீட்டு, எல்லாவற்றையும் படித்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"ஏம்மா, ஒரு சிக்னல் தட்டியிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பேனே! ஆபீசர் கல்யாணத்துக்கு யாராவது வேண்டாம்னு சொல்லுவாங்களா?" என்றார். பேனாவைத் திறந்தார்.

ஒன்பது மாதம். ஒரு சிக்னல். அவள் விறைப்பாகவே நின்றாள், ஆனால் காது மட்டும் சுட்டது.

"குப்புராஜுக்கும் குடுத்திருப்பீங்களா சார்?"

கர்னல் நிமிர்ந்தார். "யாரு குப்புராஜ்?"

அவரை ஆறு வருடம் வண்டியில் வைத்து ஓட்டியவன் குப்புராஜ். அனுப்பிரியா அதைச் சொல்லவில்லை. பேனா காகிதத்தைத் தொடுவதற்கு முன் தன் விண்ணப்பத்தை உருவி எடுத்து, அடியிலிருந்த குப்புராஜின் விண்ணப்பத்தை மேலே வைத்தாள்.

"முதல்ல இது, சார்."

கர்னல் அவளைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார். சுபேதார் ஜீவானந்தம் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே, கேட்டருகே சக்திவேல் வண்டியை நிறுத்திவிட்டு, கட்டிய பெண்டாட்டியை வீட்டுக்குக் கூட்டிப்போக வந்து நின்றிருந்தான். கர்னல் கையெழுத்துப் போடும்வரை அவள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.